குளக்கரைச் சரிவில் வழுக்கிய புல்வெட்டி: ஒரு ஜீரோ டர்ன் விபத்தின் முழு ஆய்வு

எங்கள் வளாகத்து ஜீரோ டர்ன் புல்வெட்டி ஒரு நாள் காலை 7.35 மணிக்குக் குளக்கரைச் சரிவில் ஒன்பது மீட்டர் தூரம் இறங்கிப் போய், கரையோரக் கல்வரிசையில் முட்டி நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே 1.2 மீட்டர் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். ஓட்டியவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவோடு தப்பினார்.

அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் நான் ஓட்டியவரைத்தான் குறை சொன்னேன். ஈரப்புல்லில் வேகமாகப் போயிருப்பார், லீவரை வெடுக்கென்று இழுத்திருப்பார் என்று நினைத்தேன். லீவரை இழுத்தது உண்மைதான். ஆனால் விபத்துக்கான காரணம் ஏழு நாள் முன்பே எங்கள் கொட்டகைக்குள் உருவாகிவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இதே வகை இயந்திரத்தை ஓட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இயந்திரம் எப்படித் திரும்புகிறது

ஸ்டீயரிங் வைத்த புல்வெட்டியில் முன்சக்கரங்கள் திரும்பும், பிரேக் மிதித்தால் நிற்கும். லீவர் வைத்த ஜீரோ டர்னில் இரண்டும் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் உண்டு. வலது லீவர் வலது சக்கரத்துக்கு, இடது லீவர் இடது சக்கரத்துக்கு. இரண்டையும் சமமாக முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றைக் குறைத்தால் குறைத்த பக்கம் திரும்பும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தால் நின்ற இடத்திலேயே சுழலும். முன்னால் இருப்பவை கடைகளில் தள்ளும் டிராலியின் சக்கரங்களைப் போலத் தானாகச் சுழல்பவை. இழுத்த பக்கம் வரும், எதையும் தீர்மானிக்காது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெகியர் என்பவர் இப்படி இரண்டு சக்கரங்களையும் தனித்தனி லீவரால் ஆளும் புல்வெட்டியை உருவாக்கினார். மரத்தைச் சுற்றியும் பாத்தி ஓரத்திலும் இவ்வளவு லாவகமாகப் போகிற இயந்திரம் வேறு இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இயந்திரமும் இதுதான்.

ஆனால் இந்த லாவகத்துக்கு ஒரு விலை உண்டு. ஓட்டம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் அந்த இரண்டு பின்சக்கரங்கள் தரையைப் பிடித்திருக்கும் பிடிப்பில்தான் இருக்கின்றன. காரில் டயர் சறுக்கினால்கூட முன்சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்க ஒரு வாய்ப்பு இருக்கும். இதில் பின்சக்கரம் பிடிப்பை விட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். லீவரை நடுநிலைக்குக் கொண்டுவருவதுதான் இதன் பிரேக். சக்கரம் நிற்கும், ஆனால் தரை வழுக்கினால் இயந்திரம் நிற்காது. பார்க்கிங் பிரேக் நிறுத்திவைத்த பிறகு போடுவதற்கு. ஓடும்போது அதை இழுத்தாலும் அதே சக்கரங்களைத்தான் பூட்டும்.

அன்று காலை

மாலையில் வளாகத்தில் ஒரு நிகழ்ச்சி இருந்ததால் வழக்கத்தைவிட முன்பே, 6.10க்கு வேலை தொடங்கியது. முதல் ஒன்றேகால் மணி நேரம் சமதரையில் வெட்டினார்கள். அங்கே புல் ஓரளவு உலர்ந்திருந்தது. அப்புறம் குளக்கரைச் சரிவு. அது மரநிழல். வெயில் ஏறினாலும் அங்கே பனி சீக்கிரம் காயாது.

சரிவுக்குக் குறுக்காக, இடது பக்கம் குளத்தைப் பார்த்திருக்கும்படி ஓட்டுநர் வெட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் இயந்திரத்தின் மூக்கு தானாகவே குளத்தின் பக்கம் திரும்பியது. இடது லீவரை இன்னும் தள்ளிப் பார்த்தார், நேராகவில்லை. மூக்கு முழுக்கக் கீழ்நோக்கி வந்ததும் பயந்து இரண்டு லீவரையும் பின்னால் இழுத்தார். இயந்திரம் நிற்காமல் இறங்கியது. கல்வரிசையில் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் கூடு) இடித்தது, பிளேடு கல்லில் பட்டது, அவர் இருக்கையிலிருந்து முன்னால் எகிறினார், என்ஜின் அணைந்தது.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் என்ஜினை அணைத்துவிடும். அன்று அது சரியாக வேலை செய்தது. பல இடங்களில் இந்தச் சுவிட்சை ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மேடு பள்ளத்தில் ஆள் துள்ளும்போதெல்லாம் என்ஜின் அணைந்து தொல்லை கொடுக்கிறது என்பார்கள். எங்கள் இயந்திரத்தில் அப்படிச் செய்திருந்தால், எகிறி விழுந்தவருக்குப் பக்கத்தில் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

புல்லில் இருந்த இரண்டு தடங்கள்

இயந்திரத்தை எடுப்பதற்கு முன் சரிவைப் படம் பிடித்து வைத்தேன். அது நல்லதாகப் போயிற்று. அன்றிரவு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. வலது சக்கரத்தின் தடம் புல்லைச் சீவி மண்ணைக் கிளறி, பழுப்புக் கோடாக ஒன்பது மீட்டரும் நீண்டிருந்தது. இடது சக்கரத்தின் தடத்தில் புல் வெறுமனே நசுங்கிப் படிந்திருந்தது, கீறல் இல்லை. இரண்டு தடமும் லேசாக வலப்பக்கம் வளைந்திருந்தன.

இரண்டு லீவரையும் ஒன்றாக இழுத்தால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும், இரண்டும் புல்லைக் கீற வேண்டும். இங்கே வலது சக்கரம் பூட்டிச் சறுக்கியிருக்கிறது. இடது சக்கரம் உருண்டிருக்கிறது. இடது பக்கத்தில் நிறுத்தும் சக்தியே இல்லாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை சமதரையில் ஒரு எளிய சோதனை செய்தோம். என்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பை-பாஸ் வால்வு மூடியிருக்கும் ஜீரோ டர்ன், என்ஜின் அணைந்திருந்தாலும் அசைந்து கொடுக்காது. உள்ளே எண்ணெய் அடைபட்டுச் சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கும். எங்கள் இயந்திரத்தின் வலது சக்கரம் அப்படியே நின்றது. இடது சக்கரம் மெதுவாகச் சுற்றியது. இயந்திரம் வலது சக்கரத்தை மையமாக வைத்து வட்டமடித்தது. தள்ளிக்கொண்டிருந்த மெக்கானிக் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, பை-பாஸ் திறந்திருக்கு" என்றார்.

ஆறு மில்லிமீட்டர்

பை-பாஸ் வால்வு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடாதபோது இயந்திரத்தைத் தள்ளி நகர்த்த வேண்டுமானால், அடைபட்ட எண்ணெய்க்கு ஒரு குறுக்குவழி வேண்டும். பின்பக்கத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள் இருக்கும். (சில மாடல்களில் கம்பிக்குப் பதில் பம்பிலேயே திருகு இருக்கும்.) கம்பியை இழுத்துத் துளையில் மாட்டினால் வழி திறக்கும். சக்கரம் சும்மா சுற்றும். ஓட்டும் விசையும் இருக்காது, நிறுத்தும் விசையும் இருக்காது. அதனால்தான் வால்வு திறந்த இயந்திரத்தைச் சரிவில் தள்ளவே கூடாது. மெதுவாக, கையால் தள்ளி நகர்த்துவதற்குத்தான் அந்த ஏற்பாடு. வண்டியில் கட்டி இழுத்தால் பம்பு கெட்டுப்போகும்.

விபத்துக்கு எட்டு நாள் முன்பு பேட்டரி செத்து இயந்திரம் முற்றத்தில் நின்றுவிட்டது. மூன்று பேர் பை-பாஸைத் திறந்து கொட்டகைக்குத் தள்ளிவந்தார்கள். மறுநாள் பேட்டரி மாற்றி, கம்பிகளை உள்ளே தள்ளினார்கள். வலது கம்பி முழுக்க உள்ளே போயிற்று. இடது கம்பியின் துளையில் காய்ந்த புல்லும் துருவும் சேர்ந்து கட்டியாகியிருந்தன. தள்ளினவருக்கு அது கடைசிவரை போய் முட்டியது போலத்தான் தெரிந்திருக்கும். நாங்கள் அளந்தபோது வலதைவிட இடது கம்பி ஆறு மில்லிமீட்டர் வெளியே நின்றது.

முழுக்கத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இடது சக்கரம் இழுத்தே இருக்காது. பாதி திறந்த வால்வுதான் ஆபத்து. எண்ணெய் கொஞ்சம் கசியும், சக்கரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், சமதரையில் எல்லாம் ஓடும். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கசிவு குறைவு. ஒரு மணி நேரம் ஓடி எண்ணெய் சூடாகி இளகினால் கசிவு கூடும். அன்று ஒன்றேகால் மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் சரிவுக்கு வந்தார். பலவீனம் மிகுந்திருந்த நேரத்தில், மிக மோசமான இடத்துக்கு இயந்திரம் வந்து சேர்ந்தது.

அதோடு ஒன்று. சரிவில் குறுக்காகப் போகும்போது எடை கீழ்ப்பக்கச் சக்கரத்தில் சாயும், மேல்பக்கச் சக்கரம் இலேசாகும். அன்று கீழ்ப்பக்கம் இருந்தது இடது சக்கரம். அதிகச் சுமையைத் தாங்கியது கசியும் வால்வு. நல்ல நிலையில் இருந்த வலது சக்கரம் மேலே, பிடிப்பில்லாமல். மூக்கு கீழ்நோக்கித் திரும்பியதும் எடை முன்சக்கரங்களுக்குப் போய், பின்சக்கரம் இரண்டுமே இலேசாகிவிட்டன.

திருகை முறுக்கி மறைத்த கோளாறு

எனக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது இந்த இடத்தில்தான்.

பதிவேட்டைப் புரட்டினேன். விபத்துக்கு ஆறு நாள் முன்பு ஓட்டுநரே எழுதியிருந்தார்: "இடது பக்கம் இழுக்கிறது." அதற்குக் கீழே, மறுநாள் தேதியில், எங்கள் ஆள் ஒருவரின் கையெழுத்து: "டிராக்கிங் சரி செய்யப்பட்டது." அதற்கும் கீழே என் சுருக்கொப்பம். பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு லீவரையும் முழுக்க முன்னே தள்ளியும் இயந்திரம் ஒரு பக்கம் போனால், வேகமாகச் சுற்றும் பக்கத்து லீவரின் பயணத்தைக் குறைக்க ஒரு நிறுத்தத் திருகு உண்டு. சிறு வித்தியாசத்தைச் சமன் செய்ய அது சரியான வழிதான். ஆனால் போன வாரம் நேராகப் போன இயந்திரம் இந்த வாரம் இழுத்தால், திருகைத் தொடுவதற்கு முன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆள் வலது லீவரின் திருகை ஒன்றரைச் சுற்று முறுக்கினார். நல்ல சக்கரத்தை மெதுவாக்கி, கெட்ட சக்கரத்துக்குச் சமமாக்கினார். இயந்திரம் நேராகப் போயிற்று. எல்லோருக்கும் திருப்தி. கோளாறு அப்படியே இருந்தது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அறிகுறி மட்டும் போய்விட்டது.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இழுக்கிறது என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது எங்கள் வரிசை இதுதான்: முதலில் டயர் காற்று, அப்புறம் பை-பாஸ் கம்பி, அப்புறம் டிரைவ் பெல்ட், அப்புறம் எண்ணெய் அளவு. நான்கும் சரியாக இருந்தால் மட்டும் திருகு.

டயர் காற்றும் அன்று சரியாக இல்லை. கையேடு சொல்வது 13 பிஎஸ்ஐ. வலது 12, இடது 7. டயரின் மேற்பரப்புப் பட்டன்கள் தேய்ந்து, நடுப்பகுதி கிட்டத்தட்ட வழவழப்பாகியிருந்தது. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். பக்கச் சரிவில் அது உதவாது. டயரின் பக்கச்சுவர் மடிந்து, இயந்திரமே கீழ்ப்பக்கம் இன்னும் சாயும். இந்த அறிகுறியும் முன்பே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரம் வெட்டிய புல்லில் வரிசைக்கு வரிசை படி விழுந்திருந்தது. இடது பக்கம் தாழ்ந்து, டெக் சாய்ந்து வெட்டியிருக்கிறது. பிளேடு மழுங்கிவிட்டது போல என்று பேசிக்கொண்டோம். டயரில் கேஜ் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும், யாரும் வைக்கவில்லை.

சரிவின் அளவு

கையேட்டில் எங்கள் மாடலுக்கு உச்ச வரம்பு 15 டிகிரி. சில மாடல்களுக்கு 10 டிகிரிதான், அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்காக ஓட்டுவதா மேலும் கீழுமாக ஓட்டுவதா என்பதிலும் கையேடுகள் வேறுபடும். ஸ்டீயரிங் வண்டியில் பழகிய பழக்கத்தை அப்படியே இதில் கொண்டுவரக் கூடாது.

அதுவரை நாங்கள் சரிவை அளந்ததே இல்லை. பார்த்தால் ஓட்டலாம் போலத் தெரியும், ஓட்டினோம். ஒரு நேரான பலகையைச் சரிவில் வைத்து, அதன்மேல் மொபைல் போனின் சாய்வுமானியை வைத்தால் கோணம் தெரிந்துவிடும். போன் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. ஒரு மீட்டர் கிடைமட்டத்துக்கு 18 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 டிகிரி, 27 சென்டிமீட்டர் உயர்ந்தால் 15. எங்கள் சரிவின் மேல்பாதி 13 டிகிரி. கல்வரிசைக்கு மேலே உள்ள கடைசி ஆறு மீட்டர் 17. ஈரமில்லாத நாளில், புது டயரோடு, வால்வு மூடியிருந்தாலும் அந்த ஆறு மீட்டர் எங்கள் வரம்புக்கு வெளியேதான். அன்றுவரை ஒன்றும் ஆகாததை நாங்கள் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

பள்ளம், தண்ணீர், தடுப்புச்சுவர் ஆகியவற்றின் விளிம்பிலிருந்து இயந்திரத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்று கையேடுகளில் ஒரு விதி உண்டு. எங்கள் இயந்திரத்துக்கு அது 3.4 மீட்டர். மூக்கு திரும்பிய இடம் விளிம்பிலிருந்து ஒன்பது மீட்டர். விதியைக் காப்பாற்றித்தான் ஓட்டியிருக்கிறார், ஆனாலும் விளிம்புக்கு வந்துவிட்டார். அந்த விதி சமதரையின் ஓரத்துக்குப் போதும். சரிவு நேரே பள்ளத்தில் முடியும் இடத்தில், சரிவு முழுவதையுமே விளிம்பாகக் கருத வேண்டும் என்பது என் கருத்து.

வழுக்க ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது: பிளேடை அணைத்துவிட்டு, மெதுவாக, நேராகக் கீழே இறங்கு. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் கொஞ்சமாவது பிடிக்கும், பூட்டினால் சறுக்கும். எங்கள் ஓட்டுநருக்கு இதைப் பயிற்சியில் சொல்லியிருந்தோம். ஆனால் நேராகக் கீழே இருந்தது குளம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யாரால் லீவரை மெல்ல விட முடியும்? தப்பிக்கும் வழி கீழே காலியாக இருந்தால்தான் அந்த அறிவுரை செல்லும். கீழே இறங்க இடமில்லாத சரிவில் இந்த இயந்திரத்தை ஏற்றவே கூடாது. அந்த முடிவை எடுக்க வேண்டியது ஓட்டுநர் அல்ல, நான்.

மடக்கியிருந்த ரோல் பார்

இயந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்க, இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் நிற்கும். அது நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட வேண்டும். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. நிமிர்ந்த கம்பிக்குள் ஆளை இருத்திவைப்பதுதான் பெல்ட்டின் வேலை. கம்பி இல்லாமல் பெல்ட் மட்டும் இருந்தால், கவிழும் இயந்திரத்தோடு ஆளைக் கட்டிவைத்தது போலாகிவிடும்.

அன்று பார் மடக்கியிருந்தது, பெல்ட் போடவில்லை. அந்த நிலைக்கு அது சரிதான். ஏன் மடக்கினார்? சமதரையின் ஓரத்து மரக்கிளைகள் தாழ்ந்திருந்தன. குனிந்து போக மடக்கினார், அப்புறம் நிமிர்த்த மறந்துவிட்டார். இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 400 கிலோ. கல்வரிசை தாங்காமல் குளத்துக்குள் கவிழ்ந்திருந்தால் அவர் அடியில்தான் இருந்திருப்பார். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு பதறுகிறது.

மறக்காமல் நிமிர்த்துங்கள் என்று எச்சரிக்கை ஒட்டுவது சுலபம். நாங்கள் கிளைகளை வெட்டினோம். இப்போது பாரை மடக்க வேண்டிய இடமே வளாகத்தில் இல்லை.

கல்லில் பட்ட பிளேடு

கல்வரிசையில் பட்ட பிளேடு வளைந்தது. அதில் தெறித்த ஒரு கல்சில்லு நடைபாதைக்கு அப்பால் இருந்த பெஞ்சின் சாய்வுப் பலகையில் பதிந்திருந்தது. அளந்தோம், 22 மீட்டர். உட்கார்ந்தால் மார்பு வரும் உயரம். அதிகாலை என்பதால் யாரும் இல்லை.

பிளேடு முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எது பட்டாலும் எறிபொருள்தான். புல் வெளியேறும் வாயின் மடிப்பு மூடியைத் தூக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது, ஆட்கள் இருக்கும் பக்கம் வாயைத் திருப்பி வெட்டுவது, இரண்டையும் நான் இப்போது ஒரு தடவைகூட அனுமதிப்பதில்லை. யாராவது நெருங்கினால் முதலில் பிளேடை நிறுத்த வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். அதுவும் சுவிட்சை அணைத்த நொடியில் பிளேடு நிற்காது. நடந்து தள்ளும் புல்வெட்டிகளுக்கு, கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982இல் அமெரிக்காவில் விதியே வந்தது. அந்த 3 விநாடி ஒரு கை போவதற்குத் தாராளம். குழந்தைகள் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். 16 வயதுக்குக் கீழ் யாரும் ஏறி ஓட்டும் புல்வெட்டியைத் தொடக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. மடியில் வைத்து ஒரு சுற்று என்பதும் கூடாது. ஒரு நாள் மடியில் உட்கார்ந்த குழந்தை, மறுநாள் சத்தம் கேட்டதும் ஓட்டுபவரின் கண்ணில் படாமல் பின்னாலிருந்து ஓடிவரும்.

பழுது பார்த்த விதம்

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, டெக்கைத் தூக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தோம். மூன்று பிளேடும் ஒரே பெல்ட்டில் சுற்றுபவை. ஒன்றைக் கையால் திருப்பினால் மற்ற இரண்டும் திரும்பும். அது தெரியாமல் விரல் கொடுத்தவர்கள் உண்டு, அதனால் தடித்த கையுறை.

வளைந்த பிளேடை நிமிர்த்திப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அது ஓட்டத்தில் உடையும். புதிது போட்டோம். கல்லில் பட்ட பிளேடின் ஸ்பிண்டிலை (பிளேடு மாட்டிச் சுற்றும் தண்டு) சுற்றிப் பார்த்ததில் ஆட்டம் தெரிந்தது, அதையும் மாற்றினோம். மற்ற இரண்டு பிளேடுகளையும் சாணை பிடித்து, சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டிப் பார்த்தோம். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்த்தோம். சமநிலை இல்லாத பிளேடு ஸ்பிண்டிலைத் தின்றுவிடும். பிளேடின் மடிந்த இறக்கை டெக்கின் மேல்பக்கத்தைப் பார்க்கும்படி மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கினோம். டெக்கைச் சமன் செய்தபோது, முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஐந்து மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும்படி வைத்தோம்.

ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் மாற்றும் காலம் வந்திருந்தது. மாற்றினால் உள்ளே காற்று புகும், அதை வெளியேற்றாமல் ஓட்டினால் இரண்டு பக்கமும் பலவீனமாகும். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பை-பாஸைத் திறந்து வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, லீவர்களை முன்னும் பின்னும் ஆறு தடவை நகர்த்தினோம். பின்பு பை-பாஸை மூடி மறுபடி ஆறு தடவை. எண்ணெய் அளவு இறங்கியது, நிரப்பினோம். குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று அட்டைத் துண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

பை-பாஸ் கம்பிகள் இரண்டையும் கழற்றி, துருவைச் சுரண்டி, துளையைத் துலக்கி, கிரீஸ் வைத்து மாட்டினோம். முழுக்க உள்ளே போகும்போது எந்த இடம்வரை போகிறதோ அங்கே இரண்டு கம்பியிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. கோடு தெரிந்தால் வால்வு திறந்திருக்கிறது.

அப்புறம் மாறியவை

சரிவின் 17 டிகிரிப் பகுதியில் புல்லையே எடுத்துவிட்டோம், வெட்டத் தேவையில்லாத படர்செடி வைத்திருக்கிறோம். 13 டிகிரிப் பகுதியின் கீழ் எல்லையில் மரக்குச்சிகள் நட்டு மஞ்சள் பூசியாயிற்று. அந்தக் கோட்டுக்கு மேலே, அதுவும் புல் காய்ந்திருந்தால் மட்டும் ஜீரோ டர்ன் போகும். காய்ந்ததா என்று பார்க்க, ஷூவால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறோம். ஷூ வழுக்கினால் டயரும் வழுக்கும்.

பை-பாஸைத் திறப்பவர் லீவரில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியை அவிழ்ப்பவர் முதலில் இயந்திரத்தைத் தள்ளிப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் தன் பெயரை எழுத வேண்டும். டயரில் காலையில் தினமும் கேஜ் வைக்கிறோம். இருக்கைச் சுவிட்ச், லீவர் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் மூன்றையும் வாரம் ஒரு முறை சோதிக்கிறோம்: லீவர் ஓட்டும் நிலைக்கு உள்ளே வந்திருந்தால் என்ஜின் கிளம்பக் கூடாது, பிளேடு சுவிட்ச் போட்டிருந்தால் கிளம்பக் கூடாது, பிளேடு ஓடும்போது எழுந்தால் அணைய வேண்டும். பெட்ரோல் போடுவது என்ஜின் ஆறிய பிறகு, வெட்டவெளியில், கேனைத் தரையில் வைத்துத்தான். இது விபத்தோடு சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் பதிவேட்டைத் திருத்தி எழுதும்போது இதையும் சேர்த்தோம்.

ஓட்டுநரிடம் நான் முதல் நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் எழுதி வச்சேனே சார்" என்று மட்டும் சொன்னார். எழுதித்தான் வைத்திருந்தார். இப்போது பதிவேட்டில் "இழுக்கிறது", "அதிர்கிறது", "சத்தம்" என்ற சொற்களில் எது வந்தாலும், காரணம் எழுதப்படும்வரை இயந்திரம் கொட்டகையை விட்டு வெளியே வராது. காரணம் என்ற இடத்தில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதினால் நான் கையெழுத்திடுவதில்லை.

பழுதெல்லாம் முடிந்து சமதரையில் முதல் ஓட்டம். அவரே ஓட்டினார். இரண்டு லீவரையும் முழுக்கத் தள்ளியதும் இயந்திரம் வலது பக்கம் இழுத்தது. ஒரு நிமிடம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் நினைவு வந்தது: வலது லீவரின் திருகு இன்னும் முறுக்கிய நிலையிலேயே இருந்தது. முன்பு முறுக்கியவரே ஸ்பேனரோடு வந்து, ஒன்றரைச் சுற்றைத் திருப்பி விட்டார். இயந்திரம் நேராகப் போயிற்று.